29.2 விழுக்காடு: ஓர் எண்ணைச் சமூகவியல் எப்படிப் படிக்கிறது?

2021 ஜூனில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் முடிவுகள் வெளிவந்தபோது சிங்கப்பூர்த் தமிழர்கள் கவலையோடு எடுத்துப் பேசிய எண் 29.2. ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன இந்தியர்களில், வீட்டில் ஆக அதிகமாகத் தமிழ் பேசுவோரின் விழுக்காடு அது. 2000இல் 42.9 ஆக இருந்தது, 2010இல் 36.7க்கு இறங்கி, 2020இல் முப்பதுக்கும் கீழே போய்விட்டது. அதே இருபது ஆண்டுகளில் வீட்டில் ஆங்கிலம் பேசும் இந்தியர்களின் பங்கு 35.6இலிருந்து 59.2க்கு ஏறியது. "இன்னும் இருபது வருஷத்தில் தமிழே இருக்காது" என்று கோப்பிக்கடையில் கணக்குப் போட இந்த நான்கைந்து எண்கள் போதும்.

அந்தக் கணக்கைப் போடுவதற்கு முன் சமூகவியல் கேட்கும் கேள்விகள் சில உண்டு. எண்ணைச் சந்தேகிக்க வேண்டும் என்பதற்காகக் கேட்பவை அல்ல அவை. 29.2 ஒரு குறிப்பிட்ட கேள்விக்குக் கிடைத்த சரியான பதில். அந்தக் கேள்வியை யாரிடம் கேட்டார்கள், எந்தெந்த வகைகளுக்குள் பதிலைப் போட்டார்கள், யாரைக் கேட்கவே இல்லை என்பவை தெரிந்தால்தான் பதிலுக்குப் பொருள் வரும். ஆய்வுமுறைகளும் கோட்பாடுகளும் பாடநூல்களில் தனித்தனி அத்தியாயங்களாக வரும். நடைமுறையில் ஒன்றை விட்டு ஒன்று நகராது. அதைக் காட்ட நமக்கு இந்த ஒற்றை எண்ணே போதும்.

முதலில் எண் கிடைத்த வழி. சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டிலிருந்து கணக்கெடுப்பாளர் ஒவ்வொரு கதவாகத் தட்டுவதில்லை. வயது, பாலினம், இனம் போன்ற அடிப்படை விவரங்கள் அரசாங்கப் பதிவேடுகளிலிருந்தே எடுக்கப்படுகின்றன. வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை, ஆகவே அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். 2020இல் சுமார் 150,000 குடும்பங்களை மாதிரியாக எடுத்து இணையம், தொலைபேசி, நேரடிச் சந்திப்பு ஆகிய மூன்று வழிகளில் கேட்டார்கள். இவ்வளவு பெரிய மாதிரியில் தற்செயலாக வரக்கூடிய பிழை சிறியது. "என்னை யாரும் கேட்கவில்லையே" என்று சொல்பவர்களுக்கு ஒரு செய்தி: உங்களைக் கேட்காமலே உங்களைப் போன்றவர்களைப் பற்றி நன்றாகவே சொல்ல முடியும். மாதிரியெடுப்பின் சாதனை அதுதான்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கேள்வி "ஆக அதிகமாக" எந்த மொழி என்று கேட்கிறது. முதலிடத்துக்கு ஒரு மொழிதான் வரலாம். ஒரு சாதாரண வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பாட்டி பேரனிடம் தமிழில் பேசுகிறார், பேரன் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். அம்மாவும் அப்பாவும் தங்களுக்குள் இரண்டையும் கலந்து பேசுகிறார்கள். இந்தோனீசியாவிலிருந்தோ மியன்மாரிலிருந்தோ வந்த பணிப்பெண்ணிடம் எல்லாரும் ஆங்கிலம். பிள்ளை பகல் முழுக்கப் பணிப்பெண்ணோடு இருந்தால், வீட்டில் எத்தனை பேருக்குத் தமிழ் தெரிந்தாலும் அவன் அதிகம் கேட்கும் மொழி எதுவென்று சொல்லத் தேவையில்லை. இந்த வீட்டில் தமிழ் இருக்கிறதா, இல்லையா? பல வீடுகளில் ஒருவரே எல்லாருக்கும் சேர்த்துப் பதில் நிரப்புவதால், அந்த ஒருவர் யார் என்பதைப் பொறுத்தும் பதில் மாறும்.

கணக்கெடுப்பு அதிகாரிகளுக்கு இது தெரியும். 2020இல் இரண்டாவதாகப் பேசும் மொழியைப் பற்றிய விவரத்தையும் வெளியிட்டார்கள். சிங்கப்பூர்வாசிகளில், அதாவது குடிமக்களிலும் நிரந்தரவாசிகளிலும், வீட்டில் ஆக அதிகமாக ஆங்கிலம் பேசுவோரில் சுமார் 87 விழுக்காட்டினர், வேறொரு தாய்மொழியையும் வீட்டில் பேசுவதாகச் சொல்லியிருந்தார்கள். இது எல்லா இனத்தாருக்கும் சேர்த்த கணக்கு. ஆனாலும் "ஆங்கில வீடு" என்று நாம் கற்பனை செய்வது கலப்பு வீடாகத்தான் பெரும்பாலும் இருக்கிறது என்று காட்டுகிறது. தலைப்புச் செய்திக்கு இந்த எண் ஏறவில்லை. முதலிடம் பிடித்தவர் பெயர்தானே செய்தி.

அடுத்தது பகுதியெண், அதாவது விழுக்காட்டை எந்த மொத்தத்தில் கணக்கிடுகிறோம் என்பது. பள்ளிக் கணக்கில் எல்லாரும் படித்த விஷயம், பொதுப் பேச்சில் எல்லாரும் மறக்கும் விஷயம். 29.2 என்பது தமிழர்களில் இத்தனை பேர் என்று பொருள் தருவதில்லை, இந்தியர் என்ற பெருந்தொகுதியில் இத்தனை பேர் என்பதே அதன் பொருள். அந்தத் தொகுதியில் மலையாளிகள், பஞ்சாபியர், குஜராத்தியர், சிந்திகள் எல்லாரும் உண்டு. 2010 கணக்கெடுப்பின்போதே இந்தியர்களில் தமிழர்களின் பங்கு பாதியைச் சற்றுத்தான் தாண்டியிருந்தது. அதற்கு முன் அது இன்னும் அதிகம். வட இந்தியாவிலிருந்து வந்து நிரந்தரவாசம் பெறுவோர் கூடக் கூட, எந்தத் தமிழ்க் குடும்பமும் மொழி மாறாமலேயே இந்த விழுக்காடு இறங்கும். சரிவு முழுவதும் இதனால்தான் என்று நான் சொல்லவில்லை. இளையர்களிடம் ஆங்கிலம் மேலோங்கியிருப்பது எந்தப் பள்ளி வாசலிலும் காதில் விழும். ஆனால் சரிவில் எவ்வளவு மொழி மாற்றத்தால் வந்தது, எவ்வளவு ஆட்கள் மாறியதால் வந்தது என்பதை இந்த ஒரு வரிசை எண்கள் பிரித்துச் சொல்லாது. 2000இல் கேட்கப்பட்டவர்களும் 2020இல் கேட்கப்பட்டவர்களும் ஒரே ஆட்கள் இல்லை. ஒரே ஆட்களைத் திரும்பத் திரும்பச் சந்திக்கும் நீள்கால ஆய்வுதான் அதற்கு வேண்டும். அதற்குச் செலவு அதிகம், பொறுமை அதைவிட அதிகம்.

இனி, கேட்கப்படாதவர்கள். மொழி அட்டவணைகள் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டுமே கணக்கில் எடுக்கின்றன. 2020இல் நாட்டில் இருந்த சுமார் 57 லட்சம் பேரில் 16 லட்சத்துக்கும் அதிகமானோர் இவ்விரு வகையிலும் வராதவர்கள். அவர்களில் ஒரு பகுதியினர் தமிழ்நாட்டிலிருந்து வந்து கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை செய்பவர்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும் நீங்கள் கேட்கும் தமிழில் பெரும்பங்கு அட்டவணைக்கு வெளியே இருக்கிறது. சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு என்ற எண்ணுக்குள் அவர்கள் வரமாட்டார்கள். தங்கும் விடுதியில் பன்னிரண்டு பேர் படுக்கும் அறை "வீடு" ஆகுமா என்ற கேள்வி வேறு இருக்கிறது.

2020இல் கொவிட் பரவியபோது இதே கோடு இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. சுகாதார அமைச்சின் அன்றாட அறிக்கையில் விடுதிகளில் தங்கியிருக்கும் ஊழியர்களுக்கு ஓர் எண், சமூகத்தில் ஏற்பட்ட தொற்றுக்கு ஓர் எண் என்று பிரித்துத் தந்தார்கள். நோய்ப் பரவலைக் கட்டுப்படுத்த அந்தப் பிரிப்பு தேவையாக இருந்திருக்கலாம். ஆனால் தினமும் அதைப் படித்தவர்களின் மனத்தில் விடுதி ஓர் இடம், "சமூகம்" இன்னோர் இடம் என்று பதிந்தது. வகைப்படுத்தல் உலகை விவரிப்பதோடு நிற்பதில்லை, நாம் யாரை நம்மவராக எண்ணுகிறோம் என்பதிலும் கை வைக்கிறது என்று சமூகவியலர்கள் சொல்வது இதைத்தான்.

வகைகளுக்கும் வரலாறு உண்டு. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய பிரிட்டிஷ் நீரிணைக் குடியேற்றங்களின் 1891 கணக்கெடுப்பில் "தமிழரும் இந்தியாவின் ஏனைய குடிகளும்" என்று ஒரு பெருந்தலைப்பு இருந்தது. அன்றைக்குத் தமிழர்தான் தலைப்பு, மற்றவர்கள் அதன் கீழே. பிறகு "இந்தியர்" தலைப்பானது, தமிழர் உட்பிரிவானார்கள். இன்று நாம் இயல்பாகச் சொல்லும் சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்ற நான்கு பெட்டிகள் காலனித்துவ அலுவலகங்களில் உருவாகி, சுதந்திரத்துக்குப் பிறகு பள்ளித் தாய்மொழிப் பாடத்திலிருந்து 1989இல் வந்த வீவக இன ஒருங்கிணைப்புக் கொள்கை வரை எல்லாவற்றிலும் வேர்விட்டவை. சமூகவியலர் நிர்மலா புருஷோத்தம் 1998இல் வெளியிட்ட ஆய்வு, மொழிக் கொள்கையும் இனப் பெட்டிகளும் ஒன்றையொன்று எப்படித் தாங்கி நிற்கின்றன என்பதையே ஆராய்ந்தது. 2011 முதல் கலப்புத் திருமணப் பிள்ளைகளுக்கு இரட்டை இனப் பதிவு அனுமதிக்கப்படுகிறது. பெட்டிகளை மாற்ற முடியும் என்பதற்கு அதுவே சான்று. ஆனால் நிர்வாகம் பெரும்பாலும் முதலில் எழுதிய இனத்தைத்தான் பார்க்கும்.

இந்த வாதம் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. பிரெஞ்சுச் சமூகவியலர் எமீல் துர்கெய்ம் 1897இல் தற்கொலை விகிதங்களை நாடு வாரியாக, மதம் வாரியாக ஒப்பிட்டு, தனிமனிதச் சோகம் என்று நினைத்ததில் சமூகத்தின் ஒழுங்கு தெரிகிறது என்று காட்டினார். புரட்டஸ்தாந்தரிடம் விகிதம் அதிகம், கத்தோலிக்கரிடம் குறைவு. சமூகவியல் ஒரு தனித் துறையாக நிமிர்ந்து நிற்க அந்த நூல் பெரிதும் உதவியது. எழுபது ஆண்டுகள் கழித்து, 1967இல், அமெரிக்கச் சமூகவியலர் ஜாக் டக்ளஸ் ஓர் எளிய கேள்வி கேட்டார்: ஒரு மரணத்தைத் தற்கொலை என்று பதிவு செய்பவர் யார்? தற்கொலையைப் பாவமாகக் கருதும் ஊரில் குடும்பமும் அதிகாரியும் அதை வேறு பெயரில் எழுதிவிட வாய்ப்பு உண்டு. அப்படியானால் துர்கெய்ம் அளந்தது மரணங்களையா, அவற்றைப் பதிவு செய்யும் பழக்கத்தையா? இந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. புள்ளிவிவரம் சமூகத்தைக் காட்டும் என்போர் ஒரு பக்கம், புள்ளிவிவரமே சமூகம் செய்த பொருள் என்போர் மறுபக்கம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டால் எதையுமே எண்ண முடியாமல் போகும், அது ஆய்வாளருக்கு வசதியான சோம்பேறித்தனம் என்பது என் எண்ணம்.

சரி, எண்ணால் பிடிக்க முடியாததை எப்படிப் பிடிப்பது? நேர்காணல் முதலில் நினைவுக்கு வரும். பெற்றோரிடம் உட்கார்ந்து ஏன் ஆங்கிலத்துக்கு மாறினீர்கள் என்று கேட்கலாம். ஜெர்மானியச் சமூகவியலர் மாக்ஸ் வெபர் வழியில் வந்தவர்களுக்கு இதுதான் ஆய்வின் உயிர்: ஒரு செயலைச் செய்பவர் அதற்கு என்ன பொருள் கொள்கிறார் என்று அறியாமல் அந்தச் செயலை விளக்கியதாகாது. ஆனால் கேட்பவர் தமிழாசிரியர் போலத் தோன்றினால் "வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம்" என்ற பதில் வரும். ஆங்கிலத்திலேயே கேள்வி கேட்டால் வேறு தொனி வரும். நல்ல பிள்ளையாகக் காட்டிக்கொள்ளும் ஆசை எல்லாருக்கும் உண்டு. ஆய்வாளர்கள் இதைத் தவிர்க்கப் பார்ப்பதைவிட, இதையும் தரவாகக் குறித்துக்கொள்வது மேல்.

அதனால்தான் சிலர் கேட்பதை விட்டுவிட்டுக் கூட இருந்து கவனிக்கிறார்கள். மொழியியலர் ஜோஷுவா ஃபிஷ்மன் 1965இல் முன்வைத்த கேள்வி, யார், யாரிடம், எந்த மொழியில், எப்போது பேசுகிறார் என்பது. நான்கையும் ஒரே விண்ணப்பப் படிவத்தில் நிரப்ப முடியாது. சாப்பாட்டு மேசையில், தீபாவளிக்கு வந்த உறவினர் நடுவே, கோயில் வரிசையில், பிள்ளையைத் திட்டும் நேரத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். திட்டுவதற்கு எந்த மொழி வருகிறது என்பது ஒரு வீட்டைப் பற்றி நிறையச் சொல்லும்.

கூட இருந்து கவனிக்கும் இந்த இனவரைவியல் முறைக்குச் சிங்கப்பூரில் நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. சமூகவியலர் வினிதா சின்ஹா முனீஸ்வரன் வழிபாட்டை ஆராய்ந்து 2005இல் நூல் வெளியிட்டார். கணக்கெடுப்பைப் பார்த்தால் 2020இல் 15 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகளில் 5 விழுக்காட்டினர் இந்துக்கள், அவ்வளவுதான். அந்த 5 விழுக்காட்டுக்குள், காவல் தெய்வத்துக்குப் படையல் வைப்பவர் யார், ரயில்வே ஊழியர்களின் சிறு சன்னதியாகத் தொடங்கியது எப்படிப் பெரிய ஆலயமானது என்பவற்றைக் களத்தில் இறங்கினால்தான் காண முடியும். இன்னொரு சமூகவியலர் தியோ யூ யென் வாடகை வீடுகளில் வாழும் குறைந்த வருமானக் குடும்பங்களிடம் ஆண்டுக்கணக்கில் போய்வந்து எழுதிய நூல் 2018இல் வந்தது. கல்வி உலகத்துக்கு வெளியே அது பரவலாகப் படிக்கப்பட்டது, விவாதிக்கவும் பட்டது. இத்தகைய நூல்களைப் பார்த்து எழும் வழக்கமான கேள்வி: இது எத்தனை பேருடைய கதை? நியாயமான கேள்விதான். ஆனால் இனவரைவியல் எத்தனை பேர் என்று சொல்ல வருவதில்லை. ஒரு விதி வீட்டுக்குள் நுழைந்தபின் எப்படி வேலை செய்கிறது, ஒரு தாய் எந்த இடத்தில் தேர்வின்றி நிற்கிறாள் என்று சொல்ல வருகிறது. எண்ணை எதிர்பார்த்து அதைக் குறை சொல்வதும், எண்ணைப் பார்த்துவிட்டு வாழ்க்கை தெரிந்துவிட்டது என்பதும் ஒரே வகைத் தவறுகள்.

கேட்டாலும் கவனித்தாலும் வெளிவராதவையும் உண்டு. பாகுபாடு அப்படிப்பட்டது. வாடகை விளம்பரங்களில் "இந்தியர்களுக்கு இல்லை" என்ற வரி வந்ததும் ஊடகங்கள் அதைப் பற்றி எழுதியதும் நமக்குத் தெரியும். விளம்பரத்தில் எழுதாமல் தொலைபேசியில் மெல்லத் தட்டிக்கழிப்பவரை எப்படி அளப்பது? களப் பரிசோதனை இதற்கு ஒரு வழி. 2004இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் பாஸ்டன், சிகாகோ நகரங்களின் வேலை விளம்பரங்களுக்குச் சுமார் 5,000 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகுதிகள் ஒரே தரம், பெயர் மட்டும் வேறு. வெள்ளையர் பெயராக ஒலித்தவற்றுக்குச் சுமார் 50 விழுக்காடு அதிகமாக அழைப்பு வந்தது. யாரையும் "நீங்கள் இனவாதியா" என்று கேட்காமலே கிடைத்த விடை. ஏமாற்றி ஆய்வு செய்யலாமா என்ற அறக் கேள்வி இதற்குப் பின்னால் நிற்கிறது. பல்கலைக்கழக அறநெறிக் குழுக்கள் இப்படிப்பட்ட திட்டங்களை எளிதில் விடுவதில்லை.

கோட்பாடுகளுக்கு வருவோம். மொழி மாற்றத்தை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் படிக்கும். செயல்பாட்டுவாதம் வேலைப் பங்கீட்டைப் பார்க்கும்: ஆங்கிலம் பிழைப்புக்கும் இனங்களிடையே பழகுவதற்கும், தமிழ் கோயிலுக்கும் குடும்பத்துக்கும், எல்லாம் சேர்ந்து சமூகம் நிலையாக இருக்கிறது. நேர்த்தியான படம். அரசாங்கத்தின் இருமொழிக் கொள்கையை விளக்கும் பேச்சுகளிலும் இதன் சாயல் தெரியும். ஆனால் ஒரு மொழியின் வேலைகள் ஏன் குறைந்துகொண்டே போகின்றன என்று கேட்டால் அதனிடம் நல்ல பதில் இல்லை.

முரண்பாட்டுக் கோட்பாடு அதிகாரத்தைக் கேட்கும். 1987இல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலம் முதன்மைப் பயிற்றுமொழியானது. அதற்கு முன்பே பெற்றோர் தமிழ்ப் பள்ளிகளை விட்டு விலகத் தொடங்கியிருந்தார்கள், ஏனென்றால் வேலைச் சந்தை எந்த மொழிக்குச் சம்பளம் கொடுக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பிரெஞ்சுச் சமூகவியலர் பியேர் பூர்தியூ இதைத்தான் மொழிச் சந்தை என்று விரித்தார்: ஒருவர் பேசும் விதம் ஒரு மூலதனம், அதன் மதிப்பைச் சந்தை தீர்மானிக்கிறது. எனக்கு அவருடைய சட்டகம் இங்கே மிகவும் பொருந்துவதாகத் தோன்றுகிறது, ஆனால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் இடையில் மட்டுமல்ல. தமிழுக்குள்ளேயே ஒரு சந்தை இருக்கிறது. மேடைத் தமிழுக்கு மதிப்பு, வீட்டுத் தமிழுக்குக் குறைவு. பிள்ளை பாட்டியிடம் பேசும் தமிழைப் பள்ளியில் பேசினால் தவறு என்று திருத்தப்பட்ட காலம் நீண்டது. 2005இல் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு இடம் தரப் பரிந்துரைத்தது. உன் வீட்டுப் பேச்சு தமிழே இல்லை என்று பல ஆண்டுகள் கேட்டு வளர்ந்த ஒருவர், பெற்றோரானதும் தவறு வராத மொழிக்கு, அதாவது ஆங்கிலத்துக்கு, ஒதுங்குவதில் என்ன வியப்பு? கணக்கெடுப்பு இதை அளக்காது, நேர்காணல் கொஞ்சம் தொடும்.

ஆட்கள் நேருக்கு நேர் பழகும்போது பொருள் எப்படி உருவாகிறது என்று ஆராயும் குறியீட்டு ஊடாட்டவாதிகள் இன்னும் சின்ன அளவில் பார்ப்பார்கள். மின்தூக்கியில் தெரியாத தமிழரைப் பார்த்ததும் தமிழில் பேசுவதா ஆங்கிலத்தில் தொடங்குவதா என்று நாம் அரை நொடியில் எடுக்கும் முடிவு அவர்களுக்குப் பொன். எதிரில் இருப்பவர் உள்ளூர்க்காரரா, புதிதாக வந்தவரா, ஊழியரா என்ற ஊகம் அந்த அரை நொடிக்குள் நடந்துவிடுகிறது. இதே மரபில் வரும் வில்லியம் தாமஸும் டோரதி தாமஸும் 1928இல் சொன்னது, மக்கள் ஒரு நிலைமையை உண்மை என்று நம்பினால் அந்த நம்பிக்கையின் விளைவுகள் உண்மையாகிவிடும் என்பது. 29.2 என்ற எண்ணைக் கேட்டு "தமிழ் போகப் போகிறது, பிள்ளைக்கு எதற்குச் சுமை" என்று ஒரு தாய் முடிவு செய்தால், அந்த எண் அடுத்த எண்ணைக் கீழே இழுக்கிறது. அளவுகோலே அளக்கப்படும் பொருளை நகர்த்தும் வேடிக்கை இயற்பியலாளருக்கு எப்போதாவது வரும், சமூகவியலருக்கு அன்றாடம்.

கோட்பாட்டுக்குச் சொன்ன பெயர்கள் எல்லாம் பாரிஸ், சிகாகோ என்று வெளியூர்களாகவே இருப்பதை வாசகர் கவனித்திருப்பார். இதை முதலில் கூர்மையாகச் சொன்னவர்களில் ஒருவர் சிங்கப்பூரில் நீண்ட காலம் மலாய் ஆய்வியல் துறைக்குத் தலைமை வகித்த சையது ஹுசைன் அலதாஸ். மேற்கில் பிறந்த கேள்விகளை அப்படியே எடுத்துவந்து இங்குள்ள தரவை நிரப்பும் போக்கைச் சிறைப்பட்ட மனம் என்று 1970களில் அவர் விமர்சித்தார். அவர் மகன் சையது ஃபரித் அலதாஸும் வினிதா சின்ஹாவும் 2017இல் கொண்டுவந்த பாடநூல், மார்க்ஸ், வெபர், துர்கெய்ம் வரிசையில் பதினான்காம் நூற்றாண்டு அரபு அறிஞர் இப்னு கல்தூனையும் இந்தியச் சமூகச் சீர்திருத்தவாதி பண்டித ரமாபாயையும் உட்கார வைத்தது. தமிழில் இதைக் கேட்டதும் சிலர் ஐந்திணையை எடுத்துச் சமூகவியல் கோட்பாடாக்கப் புறப்படுவார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. பழைய சட்டகத்தைத் தூசி தட்டுவதைவிட, வீட்டுப் பணிப்பெண்ணையும் பாட்டியையும் தாய்மொழிப் பாடத்தையும் ஒன்றாகப் பார்க்கும் ஒரு கேள்வியை இங்கிருந்தே கேட்பது அலதாஸ் சொன்னதற்கு நெருக்கமாக இருக்கும்.

அப்படி ஓர் ஆய்வைத் திட்டமிட்டால் எப்படி இருக்கும்? தமிழர்களை மட்டும் பகுதியெண்ணாக வைத்து, ஒவ்வொரு உறுப்பினரிடமும் தனித்தனியாக, யாரிடம் எந்த மொழி என்று கேட்கும் ஒரு மாதிரிக் கணிப்பு முதலில். அதிலிருந்து வேறுபட்ட சில வீடுகளைத் தேர்ந்து மாதக்கணக்கில் போய்வருவது அடுத்து. விடுதிகளில் வாழும் தமிழர்களையும் சேர்க்க வேண்டும். அங்கே ஒரு தடை உண்டு. வேலை அனுமதி முதலாளியைச் சார்ந்திருப்பதால், விடுதி நிர்வாகம் அறிமுகப்படுத்தும் ஆய்வாளரிடம் ஊழியர் தரும் சம்மதம் எவ்வளவு சுதந்திரமானது என்று கேட்க வேண்டியிருக்கும். ஆகவே அவர்களைத் தேக்காவிலோ கோயிலிலோ வார இறுதியில் சந்திப்பது நல்லது. கணிப்பில் கலந்துகொண்ட குடும்பங்களின் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை அவர்கள் பெற்றோராகும் வரை பின்தொடர முடிந்தால், ஆட்கள் மாறியதால் வந்த சரிவையும் மொழி மாறியதால் வந்த சரிவையும் பிரித்துவிடலாம். இருபது ஆண்டுக்கு யார் நிதி தருவார்கள் என்பது சமூகவியல் கேள்விதான், ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு.